வழியனுப்ப ஒரு பயணம்

"சீசன் முடிஞ்சு போச்சே சார், இப்ப வந்திருக்கீங்களே?"

ஏப்ரலில் கோடியக்கரையில் டீ குடிக்க நின்றால் எனக்குத் தவறாமல் கிடைக்கும் கேள்வி இது. கேட்பவர் மேல் தப்பில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்த ஊருக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். பூநாரை பார்க்க வருவார்கள், வெளிமான் பார்க்க வருவார்கள், பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மாசி முடிந்ததும் ஊர் அடங்கிவிடும். பங்குனிக் கடைசியில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், தோளில் ஸ்கோப்பை, அதாவது பறவை பார்க்கும் தொலைநோக்கியை, தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் விசித்திரமாகத்தான் தெரியும்.

"போறதப் பாக்க வந்திருக்கேன்" என்று சொல்வேன். அவர் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விடுவார்.

பறவைகள் வருவதைப் பற்றி நம்மிடம் பேச்சு நிறைய இருக்கிறது. மழைக்காலம் தொடங்கினால் பத்திரிகைகளில் 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று படத்தோடு செய்தி வரும். 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நானும் வருடா வருடம் கலந்துகொள்கிறேன். ஆனால் அதே பறவைகள் மார்ச்சிலிருந்து மே நடுப்பகுதி வரை, பழவேற்காட்டிலிருந்து மணக்குடி வரை இந்தக் கரை நெடுகிலும் கிளம்பிப் போவதைப் பார்க்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வருவதுதானே வழக்கம்? ஆறேழு மாதம் நம் கரையில் தங்கிய உயிர்கள் கிளம்பும்போது ஒருவராவது நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் போகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உள்ளான் என்பது சேற்றில் மேய்கிற சின்னக் கரைப்பறவை. ஜனவரியில் பார்க்கிற உள்ளானும் ஏப்ரலில் பார்க்கிற உள்ளானும் ஒரே பறவை என்று சொன்னால் முதல் தடவை பார்ப்பவர் நம்பமாட்டார்.

*

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-லிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம் அது. இன்றும் சுற்றிலும் உப்பளம்தான். அங்கிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், நடுவே மண் வரப்புகள், அதற்கப்பால் வேதாரண்யம் சதுப்பு நிலம். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அப்படியே போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. சாலிம் அலி 1962-ல் இங்கே வந்து பார்த்துவிட்டு இந்த இடத்தின் அருமையை எடுத்துச் சொன்னார். 1967-ல் சரணாலயம் ஆனது, 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விட்டுவருகிறார்கள். எது எங்கே போகிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் சேற்றில் நின்று சேர்த்துத் தந்ததுதான்.

ஏப்ரலில் இங்கே பறவை பார்க்க ஒரு நாளில் இரண்டே நேரம்தான். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை, அப்புறம் நாலரைக்கு மேல். நடுவில் கானல் எழும்பி, ஸ்கோப்பில் பார்த்தால் பறவை எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போல் நெளியும். சதுப்பு நிலமும் அந்த நேரத்தில் வற்றிக்கொண்டே வரும். மிஞ்சிய தண்ணீர் உப்பு ஏறி, ஓரங்களில் நுரை கட்டி நிற்கும். அந்த ஓரத்தில்தான் எல்லாம் கூடியிருக்கும்.

நான் செய்வது இதுதான்: விடிவதற்கு முன்பே போய் வரப்பின் சரிவில் குப்புறப் படுத்துக்கொள்வேன். நின்றால் நூறு மீட்டரில் எழும்பிவிடுகிற பறவைகள், படுத்துக்கிடப்பவனை அரை மணி நேரத்தில் ஒரு மேடு என்று எடுத்துக்கொள்ளும். போன வருடம் அப்படிப் படுத்திருந்தபோது இருபது அடி தூரத்துக்குள் வளைமூக்கு உள்ளான் ஒன்று மேய்ந்துகொண்டே வந்தது. ஸ்கோப்பே தேவைப்படவில்லை.

அதன் நிறத்தைச் சொல்ல வேண்டும். ஜனவரியில் இது மேலே சாம்பல், கீழே வெள்ளை. கூட்டத்தில் தனியாகத் தெரியவே தெரியாது. இப்போது அதன் முகமும் கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. முழுதாக இல்லை. சிவப்பு இறகுகளின் நுனியில் வெள்ளைக் கரை இன்னும் தேயாமல் இருந்ததால், சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துவருவது போல் இருந்தது. வயிற்றில் இரண்டு வெள்ளைத் திட்டு பாக்கி. முதுகில் பழைய சாம்பல் இறகுகளுக்கு நடுவே கறுப்பு மையமும் செம்மண் ஓரமுமாகப் புது இறகுகள். ஒவ்வொரு இறகாக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் அலகைக் கண் வரை இறக்கி, தையல் மெஷின் மாதிரி குத்திக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் நின்று, ஒரு காலைத் தூக்கிக் காதோரம் சொறிந்தது. ஒரு பழைய சாம்பல் இறகு உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் மேலே நடந்தது.

பின்பக்கம் அதன் வயிறு தொங்கியது. அதுதான் கொழுப்பு. சாதாரணமாக இந்தப் பறவையின் எடை ஐம்பது, அறுபது கிராம். கிளம்புகிற சமயத்தில் எண்பதைத் தாண்டிவிடும். சேர்ந்தது அத்தனையும் எரிபொருள். நீண்ட தூரம் பறக்கும் கரைப்பறவைகள் சிலவற்றில் கிளம்பும் முன் குடல், இரைப்பை எல்லாம் சுருங்கி, பறக்கும் தசை பருக்கிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கேயும் இறங்காமல் பறந்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு அது. நம் கரைக்கு வருகிற மூக்கன்கள் வேறு வழியில் போகிறவை என்றாலும், அந்தக் கதையைப் படித்தபிறகு சேற்றில் குனிந்து தின்றுகொண்டிருக்கும் எந்தப் பறவையையும் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

நிறம் மாறுவது உள்ளானோடு நிற்பதில்லை. கொசு உள்ளானின் கழுத்தோரம் துரு ஏறுகிறது. தங்கநிற உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு வழிகிறது, முதுகில் பொன் பொட்டுகள். கருவால் மூக்கனின் கழுத்து செம்மண்ணாகிறது. மீசை ஆலாவின் வயிறு கருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் மை இழுகிய மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும். பிப்ரவரியிலேயே அது பரவ ஆரம்பித்துவிடும். மார்ச்சில் காபிக்கொட்டை நிறத்தில் முழுத் தலையும் மூடி, அதற்குள் வெளிறிய கண் பளிச்சென்று தெரியும். படகுத் துறையில் மீன் கழிவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பறவை அந்தத் தலையோடு திபெத்தியப் பீடபூமியிலும் லடாக்கிலும் உள்ள ஏரிகளுக்குப் போய்க் கூடு கட்டும். அந்த ஏரிகளில் பல கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேலே இருப்பவை.

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்தக் கரையில் வேம்பு பூத்திருக்கும், புங்கை தளிர் விட்டிருக்கும், மற்றபடி வெயில்தான். பறவையின் உடம்பிலோ அது போய்ச் சேரப்போகிற ஊரின் வசந்தம் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

*

எப்படித் தெரிகிறது இவற்றுக்கு? வடக்கே வாழும் பறவைகளுக்குப் பகல் நீள்வது பெரிய அடையாளம். ஆனால் கோடியக்கரையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடத்தைச் சுற்றித்தான். அது போதுமா என்றால், உடம்புக்குள்ளேயே ஒரு வருடக் கடிகாரமும் ஓடுகிறது என்கிறார்கள். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் என்ற அறிவியலாளர் சில பாடும் பறவைகளை வருடக்கணக்கில் மாறாத பகல், மாறாத வெப்பத்தில் வைத்துப் பார்த்தார். அப்படி வைத்தும், ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை அவை இறகு மாற்றின, கொழுத்தன, கிளம்ப வேண்டிய பருவத்தில் ராத்திரி முழுக்கக் கூண்டுக்குள் தத்தளித்தன. வெளியிலிருந்து ஒரு தகவலும் போகவில்லை. உள்ளேயிருந்து எழும்பிய தவிப்பு அது.

உப்பளத்தில் ஒரு அம்மாவுக்கு இதற்குத் தனி விளக்கம் இருந்தது. அறுபது வயது இருக்கும். விடிகாலை மூன்று மணிக்கே வந்து பாத்தியில் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறும்முன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் படுத்துக் கிடந்ததை முதலிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"என்ன தம்பி, உள்ளான் பாக்குறியா? இன்னும் நாலு நாளு. அப்புறம் ஒண்ணும் இருக்காது."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"சோழகம் எடுத்துருச்சுல்ல. சோழகம் எடுத்தா அதுங்க நிக்காதுங்க."

வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இந்தக் கரையில் காற்றுக்குத் திசைப்படி பெயர் உண்டு. வாடை வடக்கிலிருந்து வருவது, சோழகம் தெற்கிலிருந்து. பறவைகள் வாடையோடு வந்து சோழகத்தோடு போகின்றன என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் வரைபடத்தையும் காற்று விவரத்தையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குறித்து வந்ததும் அதேதான். பின்காற்று இருந்தால் அதே கொழுப்பில் அதிக தூரம் போகலாம். மாலையில் தெற்குக் காற்று ஊன்றி வீசிய நாட்களில்தான் நான் பார்த்த பெரும்பாலான கிளம்பல்கள் நடந்திருக்கின்றன.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "முன்னெல்லாம் எழும்புனா பாத்தியில நெழலு விழும் தம்பி. இப்ப என்னமோ கொஞ்சம்தான் வருது." வளையமிடும் ஆய்வாளர்களின் பதிவுகளும் இதையே சொல்கின்றன. 1980-களில் இங்கே கூடிய உள்ளான் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இன்று இருப்பது வெகு குறைவு. ஒரு காலத்தில் கரண்டிமூக்கு உள்ளான்கூடக் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இன்று உலகம் முழுவதும் சேர்த்தே அது சில நூறுதான்.

*

வளைமூக்கு உள்ளான் போகிற இடம் சைபீரியாவின் வட நுனி, தைமிர் தீபகற்பமும் அதைச் சுற்றிய, மரமில்லாத உறைபனி நிலமான தூந்திரப் பகுதியும். கோடியக்கரையிலிருந்து நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போகாது, நடுவில் மத்திய ஆசியாவின் ஏரிகளிலும் சேற்றுநிலங்களிலும் இறங்கி, தின்று, மறுபடி கொழுத்துப் போகும். ஜூன் தொடக்கத்தில் பனி உருகுகிற சமயத்தில் அங்கே இருக்க வேண்டும். சீக்கிரம் போனால் தரை பனி மூடிக் கிடக்கும். தாமதமானால் குஞ்சு பொரிக்கிற நேரத்தில் பூச்சிகள் குறைந்துவிடும். அந்தக் கோடையே ஆறேழு வாரம்தான். நாம் விரட்டியடிக்கிற கொசுவும் அதன் இனத்துப் பூச்சிகளும்தான் அந்தக் குஞ்சுகளுக்குச் சாப்பாடு.

இதில் எனக்குத் தீராத வியப்பு லெம்மிங். எலி போன்ற சின்ன விலங்கு, தூந்திரத்தில் வாழ்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை மளமளவென்று பெருகி, அப்புறம் சரிந்துவிடும். பெருகிய வருடத்தில் பனிநரிகளுக்குத் தின்ன லெம்மிங் போதும், உள்ளான் கூடு பக்கம் அதிகம் திரும்பாது. சரிந்த வருடத்தில் நரி பசியோடு உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்றுவிடும். அந்த வருடம் குஞ்சுகள் பெரும்பாலும் தேறாது. அப்படியென்றால், அக்டோபரில் வேதாரண்யம் சேற்றில் எத்தனை இளம் உள்ளான் வந்து இறங்குகிறது என்பதைத் தைமிரில் ஓடுகிற ஒரு எலி முடிவு செய்கிறது. இளம் பறவைகளே கண்ணில் படாத வருடங்களில் நான் முதலில் இங்கேயுள்ள தண்ணீரையும் உப்பளத்தையும்தான் குற்றம் சொன்னேன். லெம்மிங் பற்றிப் படித்தபிறகு கொஞ்சம் நிதானித்துப் பேசக் கற்றுக்கொண்டேன்.

*

கிளம்பும் மாலை பற்றிச் சொல்கிறேன். ஏப்ரல் மூன்றாம் வாரம். காலையிலிருந்தே கூட்டத்தில் ஒரு மாற்றம். நாள் முழுக்க மேய்கிறவை அன்று நாலு மணிக்கே மேய்ச்சலை விட்டுவிட்டு, ஆழமில்லாத தண்ணீரில் நின்று குளித்தன. ஒவ்வொன்றும் வெகுநேரம் இறகு கோதியது. ஐந்தே கால் இருக்கும், வரப்பின் அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. கூட்டமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்கின. பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. சத்தம் மட்டும் விடவில்லை. மேயும்போது போடும் சின்னச் சின்னச் சத்தமாக இல்லாமல், ஒன்றையொன்று கூப்பிடுவது போல் இடைவிடாத குரல்.

சூரியன் இறங்க அரை மணி இருக்கும்போது நாற்பது, ஐம்பது எழும்பின. இந்தத் தடவை சுற்றவில்லை. காற்றுக்கு முகம் கொடுத்து மேலேறின. மேலே போகப் போகக் கூட்டம் நீண்டு, கோணலான ஒரு கோடாக மாறி, வடக்கே திரும்பியது. சத்தம் அப்போதும் கேட்டது. ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலைந்து பறவைகள் கோட்டிலிருந்து பிரிந்தன. கொஞ்ச தூரம் கூடவே போய், தயங்கி, செங்குத்தாகச் சரிந்து மறுபடி சதுப்பிலேயே வந்து இறங்கிவிட்டன. மற்றவை திரும்பவில்லை. ஒரு பொடிப் புள்ளிக் கோடு, அப்புறம் அதுவும் இல்லை. நேரம் 6.04. நோட்டில் எழுத முயன்றால் கை நடுங்கியது.

இறங்கிய அந்த நாலைந்தும் உடனே தலையைக் குனிந்து மேய ஆரம்பித்துவிட்டன. போதுமான கொழுப்பு சேரவில்லை போலும்.

*

அதற்கு மறுநாள் நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஏழு மணிக்கு ஒரு ஜீப் வந்தது. பெரிய பெரிய லென்ஸோடு ஆறு பேர். நல்லவர்கள்தான், வந்ததும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். பூநாரை போய்விட்டதா என்று விசாரித்தார்கள். உள்ளான் கூட்டம் ஒன்று தண்ணீரோரம் இருப்பதைப் பார்த்ததும், பறக்கும் படம் வேண்டும் என்று ஒருவர் வரப்பில் ஓடினார். இன்னொருவர் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். கூட்டம் எழும்பிச் சுற்றி இறங்கியது. மறுபடி வீசினார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை.

நான் போய்ப் பேசினேன். குரல் உயர்த்தவில்லை. ஆரம்ப வருடங்களில் நானும் இதையே செய்திருக்கிறேன், அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அப்போது எனக்கும் யாரும் சொல்லவில்லை. இந்தப் பறவை இப்போது தின்பது இன்றைக்காக இல்லை, சைபீரியாவுக்காக என்றேன். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் சேர்த்த கொழுப்பில் ஒரு துளி எரிகிறது, ஒரு வாய்ச் சாப்பாடு தவறுகிறது. குறைவான கொழுப்போடு கிளம்பினால் நடுவழியில் விழும், அல்லது தாமதமாகப் போய்ச் சேரும். தாமதமாகப் போனால் அந்த வருடம் குஞ்சு கிடையாது. கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் "இவ்வளவு இருக்கே சார்" என்றார்.

இவ்வளவு இருக்கிறது என்பதுதான் இனி சரியில்லை. 2024 அக்டோபரில் எந்த உயிருக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று சொல்கிற, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டபோது பதினாறு கரைப்பறவை இனங்களின் நிலை ஒரே சமயத்தில் மோசமான பிரிவுகளுக்கு மாறியது. வளைமூக்கு உள்ளான் அதில் ஒன்று, 'அழிவுக்கு உள்ளாகக்கூடியது' என்ற பிரிவுக்குப் போய்விட்டது. நான் படுத்துக்கிடந்து இருபது அடியில் பார்த்த அதே பறவை. தெருநாய்கள் வேறு. வேதாரண்யம் கடற்கரையில் காலையில் ஏழெட்டு நாய் சேர்ந்து கரையோரம் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பறவை தரையில் நிற்காது. ராத்திரியில் வலை கட்டி உள்ளான் பிடிப்பது முன்பு அளவுக்கு இல்லை என்கிறார்கள், ஆனால் இன்னும் முழுதாக நிற்கவில்லை. இதை எல்லாம் நவம்பரில் கவனிக்கிற ஆட்கள் ஏப்ரலில் இருப்பதில்லை. என் வருத்தம் அதில்தான் இருக்கிறது.

*

கோடியக்கரையோடு முடிவதில்லை. நேரம் கிடைத்த வருடங்களில் கரையோரமாகவே வடக்கும் தெற்கும் போயிருக்கிறேன். தனுஷ்கோடியில் மார்ச் கடைசியில் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் மணல் திட்டில் காற்றைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பகுதியை 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது தமிழக அரசு. தூத்துக்குடி உப்பளங்களில் உப்புக்கொத்திகள் ஆரஞ்சு மார்போடு நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி 2021-ல் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கோடையில் அங்கே தண்ணீர் உள்வாங்கும்போது வெளிப்படும் சேறு மூக்கன்களுக்குப் பெரிய விருந்து. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைமுகங்கள் அமைதியாகிவிடும். மீன் கழிவை நம்பியிருந்த கடற்காகங்களில் பெரும்பாலானவை அதற்குள் போயிருக்கும்.

கரைப்பறவைகள் மட்டுமா? சோளக்குருவிகள் மார்ச்சில் கூட்டம் கூட்டமாகப் பனைமரங்களில் அடைந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கசகஸ்தான் பக்கம் போய்விடும், வெட்டுக்கிளிக் காலத்துக்கு. நீலவால் பஞ்சுருட்டான்கள் மின்கம்பியிலிருந்து காணாமல் போகும். ஆறுமணிக் குருவியை ஒரு சித்திரை விடியலில் கோடியக்காட்டின் ஓரத்தில் கேட்டேன். இரண்டே தடவை கூப்பிட்டது. மறுநாள் அதே இடத்தில் ஆறு மணிக்கு நின்றேன், சத்தமில்லை. காட்டுக்குள் மறைந்து வாழ்கிற குருவி, ராத்திரியில் பறந்து வடக்கே போகிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

*

ஜூனில் ஒருமுறை போனேன். யாரும் போகாத மாதம். சதுப்பு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. தூரத்தில் எஞ்சியிருந்த குட்டையோரம் சின்னதாக ஒரு கூட்டம். கிட்டே போய்ப் பார்த்தால் உப்புக்கொத்திகளும் சில வளைமூக்கு உள்ளான்களும். எல்லாம் சாம்பல் நிறம், சிவப்பின் சுவடே இல்லை. சென்ற கோடையில் பிறந்த இளம் பறவைகள். முதல் வருடத்தில் இவற்றில் பல வடக்கே போவதில்லை, வந்த இடத்திலேயே கோடையைக் கழித்துவிடும். அவற்றின் தாய் தகப்பன் அந்த நேரத்தில் தூந்திரத்தில் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும், இல்லை, தகப்பன் உட்காராது. வளைமூக்கு உள்ளானில் அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் பெண்ணின் வேலை. ஆண், இணை சேர்ந்த சில வாரத்திலேயே தெற்கே கிளம்பிவிடும்.

அதனால் அந்த வருடம் ஜூலைக் கடைசியிலேயே திரும்பப் போனேன். மூன்று நாள் ஒன்றும் இல்லை. அதே சாம்பல் கூட்டம், அதே குட்டை. அந்த அம்மாவும் பாத்தியில் இருந்தார். "இப்ப எதுக்கு தம்பி வந்தே?" என்றார். நாலாம் நாள் காலை ஆறரைக்கு ஸ்கோப்பைத் திருப்பினேன். சாம்பல் கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. நிறம் மங்கி, இறகு நுனிகள் தேய்ந்து, கழுத்தில் வெள்ளைத் திட்டு வர ஆரம்பித்திருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. கண் வரை அலகைச் சேற்றில் இறக்கித் தின்றுகொண்டிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டு ஸ்கோப்பில் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வந்துருச்சா" என்றார்.